போட்டுடுவேன்

வலது தோள் அன்று காலை வேலைநிறுத்தம் செய்துவிட்டது. சட்டையின் ஒரு கை ஏறியது, மறு கை ஏற மறுத்தது. பாதிச் சட்டையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அட்டெண்டரைப் பார்த்து, அவர் மனைவி அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தாள்.

"கையக் குடுங்க. கல்யாணமான புதுசுலகூட நான் உங்களுக்குச் சட்டை மாட்டிவிட்டதில்ல."

"இப்பவாவது அந்த ஆசை தீரட்டும்."

"வாய்க்கு மட்டும் சுளுக்கே வராது உங்களுக்கு." முழங்கையைப் பிடித்து மெல்லத் தூக்கினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். "ரெண்டு நாள் லீவு போட்டா அந்த ஆஸ்பத்திரி இடிஞ்சா போயிடும்?"

"இடியாது. ஆள் இல்ல. ஒருத்தனுக்கு விரல் போச்சு, வீட்ல கெடக்கான்."

"உங்களுக்குத் தோள் போச்சு, நீங்க மட்டும் கெளம்புங்க" என்று சொல்லிக்கொண்டே பொத்தானையும் அவளே போட்டுவிட்டாள்.

மனநல மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் அவருக்கு இருபத்திரண்டு வருடம். அதற்கு முன்பு ஒன்பது வருடம் தானியக் கிடங்கில் மூட்டை தூக்கினார். முதுகு மக்கர் செய்ததும் தெரிந்தவர் ஒருவர் கையைக் காலைப் பிடித்து இந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். இங்கேயும் தூக்குகிற வேலைதான். மூட்டைக்குப் பதில் மனுஷன், அவ்வளவுதான் வித்தியாசம். மூட்டை திருப்பி அடிக்காது.

வார்டுக்கு ஒரு தாள் வந்து ஒரு வருடமாகியிருந்தது. எந்த நோயாளி அடுத்த நாளுக்குள் கை ஓங்குவான் என்று முன்கூட்டியே சொல்லும் தாள். ஆறு கேள்வி. ஆள் குழம்பியிருக்கிறானா, எரிச்சலில் இருக்கிறானா, சத்தம் போடுகிறானா, வாயால் மிரட்டுகிறானா, கையால் மிரட்டுகிறானா, பொருளை உடைக்கிறானா. ஆமாம் என்றால் ஒரு டிக். மூன்று டிக் விழுந்தால் மறுநாள் தாள் வரும்வரை தனியறை. வார்டில் அதற்கு வானிலை என்று பெயர் வைத்துவிட்டார்கள். மாலை ஐந்து மணிக்கு யாராவது ஒருவர் கேட்பார்: "என்னண்ணே, இன்னிக்கு வானிலை எப்படி?" "ரெண்டு பேருக்குத் தூறல். கிரேனுக்குப் புயல்."

தாளில் கையெழுத்துப் போடுவது சின்ன சிஸ்டர். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமான நர்ஸ். ஆனால் மருந்து, ஊசி, போன் என்று அவளுக்கு நூறு வேலை. நாள் முழுக்கக் கூடத்தில் நிற்பது அட்டெண்டர்தான். அதனால் அவர் பென்சிலால் டிக் போட்டு வைப்பார், அவள் அதன்மேல் பேனாவை ஓட்டிக் கையெழுத்துப் போடுவாள். எழுதியது அவர். எல்லோர் கண்ணிலும் படுவது தாளை ஏந்திக்கொண்டு போகும் அவள்.

கிரேன் என்பவன் வந்து மூன்று வாரம். நாற்பது வயதிருக்கும், லாரிக்கு மூட்டை ஏற்றி இறக்கியவன். ரெண்டு பேர் தூக்குவதை ஒருவனாகத் தூக்குவானாம், அப்படி வந்த பெயர். காதுக்குள் யாரோ பேசுகிறார்கள் என்று அவன் அக்கா கொண்டுவந்து சேர்த்தாள். அவனுக்கு மெதுவாகப் பேச வராது. லாரி சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகிய தொண்டை. சத்தத்துக்கு ஒரு டிக் தினமும் நிச்சயம். பொழுது சாயச் சாய முகம் கடுத்துப் போகும். எரிச்சலுக்கு இன்னொன்று. இரண்டோடு நின்றிருந்தால் பாதகமில்லை. ஆனால் நாலு மணியானால் கழுத்து நரம்பு புடைக்க, "போட்டுடுவேன்... போட்டுடுவேன்" என்பான்.

அப்படி அவன் முதன்முதலாகச் சொன்னது ஒரு சனிக்கிழமை, நடுக்கூடத்தில் நின்று. சின்ன சிஸ்டர் எதிரே நின்றிருந்தாள். நாலு எட்டு பின்னால் போய் மணியை அழுத்தினாள். நான்கு பேர் பாய்ந்தார்கள், அதில் அட்டெண்டரும் ஒருவர். அமுக்கித் தூக்கிப் போகிற களேபரத்தில் இன்னொரு அட்டெண்டரின் சுண்டுவிரல் ஒடிந்தது. அன்று மாலை மிரட்டும் சொல்லுக்கு நேரே டிக் போட அட்டெண்டர் யோசிக்கவே இல்லை. விரல் ஒடிந்தபின் யார் யோசிப்பார்கள்? அதற்கப்புறம் தினமும் நாலு மணிக்குப் பூட்டிய அறைக்குள்ளிருந்தே அதே சொல். தினமும் மூன்று. தினமும் தனியறை. பதினொரு நாள் ஓடிவிட்டது.

பதினான்கு நாளும் மூன்றுக்குக் குறையாவிட்டால் பின்கட்டிடம் என்பது விதி. வரும் சனிக்கிழமையோடு பதினான்கு. பின்கட்டிடத்தில் மாதம் ஒருமுறைதான் பார்வையாளர். போனவர்களில் திரும்பி வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். போன ஞாயிறு கிரேனின் அக்கா துவைத்த துணிப் பையோடு வந்து, அவனைப் பார்க்க விடாததால் பையை அட்டெண்டர் கையில் கொடுத்துவிட்டு, "அங்க மட்டும் அனுப்பிடாதீங்கண்ணே. எனக்கு அவனும் அவனுக்கு நானும்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் பையை வாங்கி அலமாரியில் வைத்தார். பாவம் என்று நினைத்தார். மாலை டிக் போட்டார்.

தோள் முரண்டு பிடித்த அந்தப் புதன்கிழமை, லிஃப்டும் முரண்டு பிடித்தது. சலவைத் துணிக்கட்டு கீழே கிடந்தது. ஈரம் முழுக்கக் காயாத போர்வைகள், பிணக் கனம். லாண்டரிக்காரன் முன்னால், அட்டெண்டர் பின்னால், மாடிப்படி ஏறினார்கள். இரண்டாவது திருப்பத்தில் தோளுக்குள் எதுவோ கத்தியைத் திருப்பியது போலிருந்தது. விரல்கள் மரத்துப்போயின. அவர் எதுவும் நினைக்கவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"போட்டுடுவேன்!"

லாண்டரிக்காரன் தன் முனையை விட்டுவிட்டு நாலு படி மேலே பாய்ந்தான். கட்டு அவர் முழங்காலை இடித்துக்கொண்டு, உருண்டு, கீழ்த் தளத்தில் போய் விழுந்தது.

மேலே நின்று அவன் சிரித்தான். "யாரப் போடப் போறீங்கண்ணே? சொல்லிட்டுப் போடுங்க, நான் பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்."

அட்டெண்டர் சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டார். தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார், ஆனால் அந்த நேரத்தில் வலித்தது தோள் இல்லை.

கிடங்கில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம். லாரிக்கும் மேடைக்கும் நடுவே ஒரு பலகை, அதன்மேல் மூட்டையோடு வரிசையாக நடை. ஒருவனுக்குத் தாங்கவில்லை என்றால் "போட்டுடுவேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். கையிலிருந்து நழுவப் போகிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். பக்கத்தில் இருப்பவன் ஓட மாட்டான். தன் தோளை அடியில் கொடுத்து, "எங்க?" என்று மட்டும் கேட்பான். ஏன், எதற்கு, காலையில் சாப்பிட்டாயா, எதுவும் கிடையாது. எங்க இறக்கணும், அவ்வளவுதான். சொல்லாமல் போடுகிறவன்தான் அயோக்கியன். அவனால் அடுத்தவன் பாதம் நசுங்கும். சொல்லிவிட்டுத் தாங்கி நிற்கிறவன் யோக்கியன். ஒன்பது வருடத்தில் அந்தச் சொல்லை அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார், எத்தனை முறை கேட்டுத் தோள் கொடுத்திருப்பார்!

இருபத்திரண்டு வருட வார்டு அவர் காதையே மாற்றிவிட்டது. சின்ன சிஸ்டருக்கு அது தெரியாது, டாக்டருக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் கையில் பென்சில் இருந்தது. அந்த ஆள்தான் டிக் போட்டான்.

துணிக்கட்டைக் கீழேயே விட்டுவிட்டுத் தனியறைக்குப் போனார். கதவின் சின்ன ஜன்னல் வழியே பார்த்தார். கிரேன் சுவரோரம் குந்தியிருந்தான்.

"எந்தத் தோள்?" என்று கேட்டார். மூட்டை தூக்கியவன் மட்டும்தான் அப்படிக் கேட்பான்.

கிரேன் தலையைத் தூக்கி நிதானமாகப் பார்த்தான். "இடது" என்றான். பிறகு, "உனக்கு?"

"வலது. இப்ப அதுவும் இல்ல."

"எத்தனை வருஷம்?"

"ஒம்போது."

"ஒம்போதெல்லாம் ஒரு வருஷமா?" என்று கிரேன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பதினொரு நாளில் அவன் மிரட்டாமல் பேசியதாக யாரும் எழுதியிருக்கவில்லை. யாரும் பேசிப் பார்த்ததாகவும் எழுதியிருக்கவில்லை.

சின்ன சிஸ்டர் மருந்து மேசையில் மாத்திரை பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதை முழுவதும் கேட்டாள்.

"என்னைப் பாத்துத்தான்ணே சொன்னான். என் முகத்தப் பாத்து."

"நீ நின்ன இடத்தப் பாத்துச் சொல்லியிருக்கான்மா. விலகிக்கோன்னு."

"நான் விலகத்தான செஞ்சேன்?"

"விலகி மணி அடிச்ச. நாங்க போய் மூட்டை மேலயே ஏறி உக்காந்தோம்."

அவள் மாத்திரையை எண்ணுவதை நிறுத்தினாள். "டிக் உங்களோடதுண்ணே" என்றாள். குற்றம் சாட்டவில்லை, கணக்கை நேராக்கினாள். அவர் தலையை ஆட்டினார்.

டாக்டரின் அறைக்குள் அட்டெண்டர்கள் பொதுவாகக் கோப்பு கொண்டுபோகத்தான் நுழைவார்கள். அவர் கையை வீசிக்கொண்டு நுழைந்தார். டாக்டர் ஐம்பது வயது அம்மாள், வெடுக்கென்று பேசுவார், ஆனால் பேசுவதைக் கேட்பார்.

"அந்தத் தாள் பொய் சொல்லுதுங்கறீங்களா?"

"இல்ல டாக்டர். தாள் சரியாத்தான் சொல்லுது. அவன் போட்டுடுவான். அன்னிக்குப் போடவும் செஞ்சான். ஆனா அவன் முன்னாடியே சொல்லிட்டுத்தான் போடறான். நமக்காகத்தான் சொல்றான். நாம அதக் கேட்டுட்டுப் பூட்டறோம்."

"விரல் ஒடிஞ்சது?"

"நாலு பேர் மேல விழுந்தா ஒடியாம? அதுல ஒருத்தன் நான்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாம்பின் கால் பாம்பறியும்னு சொல்ல வர்றீங்க. சரி, நீங்க சொல்றது தப்பா இருந்தா? அடுத்தது விரலோட நிக்காது. சின்னப் பொண்ணு ஒருத்தி அங்க வேலை பாக்கறா."

"தப்பா இருந்தா அடி எனக்குத்தான் விழும். நான்தான் பக்கத்துல நிக்கப் போறேன்."

"ஒரு கையத் தூக்க முடியல உங்களால. நான் பாத்துட்டுத்தான இருக்கேன்."

"இன்னொரு கை இருக்கு டாக்டர்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். மூன்று மாலை என்றார். இன்று, நாளை, நாளை மறுநாள். தாளை சின்ன சிஸ்டர் தனியாக, தன் கண்ணால் பார்த்ததை வைத்து மட்டும் போட வேண்டும். அட்டெண்டர் பென்சிலைத் தொடக்கூடாது. கிரேன் யார் மேலாவது கை வைத்தால் அடுத்த நிமிடம் பின்கட்டிடம், அட்டெண்டருக்கு மெமோ. "சம்மதமா?"

"எழுதித் தரட்டுமா?"

"போய் வேலையப் பாருங்க."

அன்று மூன்று மணிக்குத் தனியறையைத் திறந்தார்கள். நாலு மணிக்குக் கிரேன் நடுக்கூடத்துக்கு வந்து நின்றான். கழுத்து நரம்பு எழுந்தது. "போட்டுடுவேன்."

அட்டெண்டர் போனார். போன வேகத்தில் இருபத்திரண்டு வருடப் பழக்கம் முந்திக்கொண்டது. கை தானாக நீண்டு அவன் முன்கையை இறுக்கிப் பிடித்தது. கிரேன் உதறினான். அட்டெண்டர் சுவரில் போய் மோதினார், அதுவும் அந்தத் தோளாலேயே. கண்ணில் பூச்சி பறந்தது. மணியை அழுத்த ஓடியவர்களைப் பார்த்து, "அடிக்காதீங்க, யாரும் வராதீங்க!" என்று சுவரைப் பிடித்துக்கொண்டே கத்தினார். கிரேன் தானே தனியறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டான்.

சின்ன சிஸ்டர் தாளோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவள் பேனாவில் எல்லாம் இருந்தது, வார்டின் கண்ணும் அதன்மேல் இருந்தது. கடைசியில் எழுதினாள்: அட்டெண்டர் கையைப் பிடித்தார். நோயாளி உதறினார். அடிக்கவில்லை. மிரட்டல் இல்லை. இரண்டு டிக்.

"நடந்தத எழுதினேன்ணே. உங்களுக்காக எழுதல" என்றாள்.

"அதான் வேணும்" என்றார் அவர்.

அன்று வீட்டில் மனைவி தைலம் தேய்க்கும்போது நீலம் பாரித்திருந்ததைக் கண்டு திட்டித் தீர்த்தாள். அவரோ கையை எங்கே வைக்கக்கூடாது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழன் நாலு மணி. "போட்டுடுவேன்." அட்டெண்டர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். கிரேனின் இடது பக்கம் போய், அவனுக்கு முகத்தைக் காட்டாமல், அவன் பார்க்கும் திசையிலேயே பார்த்து நின்றார். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, தோளைத் தாழ்த்தினார். தொடவில்லை.

"எங்க?"

கூடத்தில் நாற்பது பேர். டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ கரண்டியைத் தட்டில் தட்டிக்கொண்டிருந்தார்கள். கிரேன் திரும்பவில்லை. மூச்சு மட்டும் புஸ் புஸ்ஸென்று வந்தது. அட்டெண்டர் ஏன் என்று கேட்கவில்லை. முழங்கால் நடுங்கத் தொடங்கியும் நிமிரவில்லை.

"வெளிய" என்றான் கிரேன். "குழாயடிக்கு."

நடந்தார்கள். பலகை மேல் நடப்பதுபோல, ஒருவர் எட்டுக்கு மற்றவர் எட்டு. முற்றத்துக் குழாயடியில் கிரேன் தோளைச் சரித்து, எதையோ இறக்கினான். பிறகு குந்தி உட்கார்ந்து நெற்றியை வழித்து விட்டான்.

"எத்தனை?" என்று கேட்டார் அட்டெண்டர்.

"இன்னிக்கு ஆறு மூட்டை. நாலு மணியானா ஏத்த ஆரம்பிக்கறானுங்க. காதுல பேசிக்கிட்டே ஏத்தறானுங்க. எண்ணிக்கையும் சொல்ல மாட்டேங்கறானுங்க, நிறுத்தவும் மாட்டேங்கறானுங்க."

"கூலியாவது ஒழுங்காத் தர்றானுங்களா?"

கிரேன் அவரைப் பார்த்தான். வாய் கோணியது. அது சிரிப்புதான் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரமாயிற்று. "உன்ன மாதிரி ஆளுங்களக் கிடங்குல வச்சிருந்தா லாரி மறுநாள்தான் போகும்" என்றான்.

அன்றும் இரண்டு.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு மருந்தகத்திலிருந்து ஒரு பெட்டி எடுத்துவர அட்டெண்டரை அனுப்பிவிட்டார்கள். அங்கே கையெழுத்துப் போட வேண்டியவர் டீ குடிக்கப் போயிருந்தார். அட்டெண்டர் கடிகாரத்தைப் பார்த்தார், பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

வார்டு வாசலில் நுழையும்போதே கண்டார். கிரேன் நடுக்கூடத்தில் நின்றான். அவனுக்குப் பக்கத்தில், அவன் மார்புயரம் கூட வராத சின்ன சிஸ்டர், கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு, தோளைத் தாழ்த்தி நின்றாள். மணி அவளுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"எங்க?" என்றாள். மறுபடியும் கேட்டாள். "எங்கண்ணே இறக்கணும்?"

"நீ போ." கிரேனின் உடம்பு முழுக்க ஆடியது. "எழுதறவ நீ. உன்கிட்ட இறக்க மாட்டேன். பதினொரு நாள் எழுதின. போ!"

அவள் போகவில்லை. அழுகிற முகத்தோடு அங்கேயே நின்றாள். அட்டெண்டர் மறுபக்கம் வந்து முழங்காலை மடக்கினார். "எங்க?" கிரேன் பல்லைக் கடித்துக்கொண்டு, "குழாயடி" என்றான். இன்னும் ஒரு நிமிடம் பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அட்டெண்டருக்கு நிச்சயமாகத் தெரியும். எந்தத் தாளும் தேவையில்லை அதற்கு.

சனிக்கிழமை ரிவ்யூ கால் மணி நேரத்தில் முடிந்தது. மூன்று நாளும் இரண்டு. டாக்டர் தாள்களைப் புரட்டினார், பின்கட்டிடம் இல்லை என்று எழுதினார். கிரேனின் கோப்பில் முதல் பக்கத்தில் தன் கையெழுத்திலேயே ஒரு வரி சேர்த்தார்: நோயாளி 'போட்டுடுவேன்' என்றால் விலகாதீர்கள், பிடிக்காதீர்கள், பக்கத்தில் நின்று 'எங்க?' என்று கேளுங்கள். வார்டில் எல்லோரும் படித்துவிட்டு இரண்டு நாள் கிண்டலடித்தார்கள். கக்கூசுக்குப் போகிறவனைப் பார்த்து "எங்க?" என்றார்கள். ஆனால் கற்றுக்கொண்டார்கள். ஞாயிறு அவன் அக்கா வந்தபோது கிரேன் முற்றத்தில் உட்கார்ந்து அவளோடு பேசினான், பாதி ஆஸ்பத்திரிக்குக் கேட்கும்படி.

சின்ன சிஸ்டர் கையால் மட்டும் அவன் மாத்திரை வாங்க மறுத்தான். அவள் தட்டோடு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவள் இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் அட்டெண்டரை மருந்து மேசைக்குக் கூப்பிட்டாள்.

"டிக் யாரோடதுன்னு அவன்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"நான்தான் சொல்லணும்."

"அதான் கேக்கறேன். எப்ப?"

அன்று நாலு மணிக்குக் குழாயடியில் குந்தியிருந்தார்கள். கிரேன் தண்ணீரைக் கையில் பிடித்து முகத்தில் அடித்துக்கொண்டான்.

"அந்தப் பொண்ணு எழுதினா, நீ வந்து நிறுத்தின" என்றான். "அதே பலகையில நடந்தவன் இல்லையா நீ? அதான் உனக்குத் தெரிஞ்சுது."

இதுதான் சமயம். அட்டெண்டர் வாயைத் திறந்தார். டாக்டரிடம் வந்த வார்த்தை, சிஸ்டரிடம் வந்த வார்த்தை, இவனிடம் வரவில்லை. "தண்ணிய மூடு, வீணாப் போகுது" என்றுதான் சொன்னார். எழுந்து உள்ளே வந்துவிட்டார்.

பதினொரு நாள் பூட்டிய அறை. டிக் போட்டது அவர், தெரிந்திருக்க வேண்டியவரும் அவர். அதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டிய பாக்கி இன்னும் அப்படியே நிற்கிறது.